'போர்ட்' என்னும் சொல்லும் நம் துறையும்



சில திங்களுக்கு முன் ஒருநாள் மாலை, இராயபுரத்துக் கடற்கரையை ஒட்டிய சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் கோடு கிழித்தாற்போல் நின்றன. வடக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கிடந்தன. சாலையில் கண்டெய்னர் லாரிகள் எறும்புச் சாரைபோல் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. என்னுடன் வந்தவர் அப்பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர். தலைமுறை தலைமுறையாகக் கடல்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, துறைமுகத்தைப் போர்ட் என்கிறோம். கப்பலின் இடப்பக்கத்தையும் போர்ட் என்பார் என் மாமா. அவர் கப்பலில் வேலை பார்த்தவர். கணினியில் கம்பி செருகும் துளைக்கும் போர்ட் என்றே பெயர். ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொரு நிறுவனத்துக்குச் செல்பேசி எண்ணை மாற்றிக்கொண்டால், 'போர்ட் செய்தேன்' என்கிறோம். மதுவகை ஒன்றுக்கும் இதே பெயர் உண்டாம். இவை எல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒரே ஒலியுடைய பல சொற்களா?"

துறைமுகத்தின் வாயிலில் பிறந்து வளர்ந்த ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி இது. அன்று அவருக்கு நான் சொன்ன விடையையும், அதன்பின் அவர் எனக்குக் காட்டிய ஒரு காட்சியையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் இந்த நான்கெழுத்துச் சொல் ஒரே இடத்தில் அடங்கி நிற்பதைக் காண மாட்டீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுத் தனித்தனிச் சொற்களாகவே அகராதி ஆசிரியர்கள் அதனைப் பிரித்து வைத்திருப்பார்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியாக அவை ஆங்கிலத்துக்குள் நுழைந்தன என்பதே அதற்குக் காரணம். ஆயினும், அவற்றின் வேரைத் தேடிப் போனால் இலத்தீன் மொழியில் மூன்று சொற்களைச் சென்றடைவோம். 'போர்ட்டுஸ்' என்றால் துறைமுகம். 'போர்ட்டா' என்றால் வாயில். 'போர்ட்டாரே' என்றால் சுமந்து செல்லுதல். இம்மூன்றும் உடன்பிறந்த மூவர். இவற்றுக்குத் தாயான தொல்வேர் 'பெர்' என்பது. கடந்து செல்லுதல், கடக்கச் செய்தல் என்பது அதன் பொருள் என்று மொழிநூலார் கூறுவர். கடப்பதற்குரிய இடம் துறைமுகம். கடப்பதற்குரிய திறப்பு வாயில். ஒரு பொருளைக் கடத்திச் செல்வது சுமத்தல். பொருள் மூன்றாயினும் கருத்து ஒன்றே.

இந்தக் குடும்பத்தின் வேறொரு கிளையையும் பாருங்கள். இலத்தீனில் பகர ஒலி நிற்கும் இடத்தில், ஆங்கிலத்துக்கே உரிய பழஞ்சொற்களில் 'ஃப' என்னும் ஒலி நிற்கும். இலத்தீனில் தந்தை 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. இலத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. அவ்வாறே 'போர்ட்டுஸ்' என்பதற்கு உறவான ஆங்கிலப் பழஞ்சொல் 'ஃபோர்டு'. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடத்துக்கு அப்பெயர். ஆக்ஸ்ஃபோர்டு என்னும் கல்விநகரின் பெயருக்கு எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை என்பதே பொருள். ஓடத்தைக் குறிக்கும் 'ஃபெர்ரி' என்னும் சொல்லும் அதே குடும்பம். வடமொழியில் அக்கரையைக் குறிக்கும் 'பாரம்' என்னும் சொல்லையும் இவ்வேரோடு சேர்த்தே அறிஞர்கள் எண்ணுவர். அக்கரையும் இக்கரையும் உடையது என்னும் பொருளில் கடலுக்குப் 'பாராவாரம்' என்று நம் பழம்புலவர்கள் வழங்கிய பெயர் அதிலிருந்து பிறந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். போர்ட் என்பதற்கு நாம் வழங்கும் சொல் துறைமுகம். துறை என்றால் நீரில் இறங்கும் இடம். மக்கள் நீராடும் இடம் துறை. ஆடை வெளுக்கும் இடம் துறை. ஓடம் ஏறும் இடமும் துறை. அத்துறையின் முகம், அதாவது அதன் நுழைவாயில், துறைமுகம். ஆங்கிலத்தில் துறைமுகத்தைக் குறிக்க 'ஹார்பர்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. சென்னைத் துறைமுகத்தை அதன் அக்கம்பக்கத்து மக்கள் 'ஆர்பர்' என்றே சொல்லுவர். ஹார்பர் என்பது பழைய ஜெர்மானியச் சொல். படை தங்கும் இடம் என்று பொருள்பட்டு, பின்பு எவரும் ஒதுங்கும் புகலிடம் என்று விரிந்து, முடிவில் கப்பல்கள் ஒதுங்கும் இடத்தைக் குறித்தது. எனவே ஹார்பர் என்பது தங்குவதைச் சொல்லும் சொல். போர்ட் என்பது கடப்பதைச் சொல்லும் சொல். புயலுக்கு ஒதுங்க வேண்டுமா, ஹார்பர். சரக்கை ஏற்றி இறக்கி மேலே செல்ல வேண்டுமா, போர்ட்.

துறைமுகத்தோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் நாள்தோறும் கேட்கும் சொல். வேலை தேடுவோர் நாடோறும் தேடும் சொல். 'ஆப்பர்ச்சுனிட்டி' என்பது அது. வாய்ப்பு என்று அதனை மொழிபெயர்க்கிறோம். அதற்குள் ஒரு துறைமுகம் மறைந்திருக்கிறது. பாய்மரக் கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளிச் செல்லும் நல்ல காற்றை உரோமர்கள் 'ஒப்போர்ட்டூனுஸ்' என்றனர். அக்காற்று வீசும் நேரமே தக்க நேரம். நம் உழவர்களும் காற்றைக் கண்டே காலத்தின் அருமையை உணர்ந்தார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது அவர்கள் வாக்கு. உரோமக் கடலோடிக்குக் காற்று கப்பலைச் சேர்த்தது. தமிழ் உழவனுக்குக் காற்று பதரைப் பிரித்தது. இருவரும் கற்ற பாடம் ஒன்றே.

அடுத்து வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா'. போர்ட்டிகோ என்று நாம் சொல்லும் வீட்டு முகப்பு அதிலிருந்து வந்தது. கப்பலின் பக்கச் சுவரில் உள்ள வட்டச் சாளரத்துக்குப் 'போர்ட்ஹோல்' என்று பெயர். அந்நாளைய போர்க்கப்பல்களில் பீரங்கியின் வாயை வெளியே நீட்டுவதற்கு வெட்டிய திறப்புகளைப் போர்ட் என்றே அழைத்தனர். செய்தி உள்ளே வரவும் வெளியே போகவும் கணினியில் வைத்திருக்கும் திறப்பும் அம்முறையில் போர்ட் ஆயிற்று. துறைமுகமும் வாயிலும் ஒரு வேரிலிருந்து பிறந்தன என்றால் வியப்பாயிருக்கிறதா? எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். கொசத்தலையாறு கழியாய் விரிந்து கடலோடு கலக்கும் இடத்தை அங்குள்ள மக்கள் முகத்துவாரம் என்று வழங்குகிறார்கள். முகம் என்பது வாய். துவாரம் என்பது வாயில். மீனவரின் படகு அந்த வாயில் வழியாகத்தான் கழியிலிருந்து கடலுக்குச் செல்லும், கடலிலிருந்து வீடு திரும்பும். துறையும் வாயிலும் ஒன்றே என்பதை இலத்தீன் படியாமலே அம்மக்கள் அறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சுமத்தல் என்னும் பொருளுடைய 'போர்ட்டாரே'. இதன் பிள்ளைகள் மிகப் பலர். உள்ளே சுமந்து வருவது 'இம்போர்ட்', இறக்குமதி. வெளியே சுமந்து செல்வது 'எக்ஸ்போர்ட்', ஏற்றுமதி. குறுக்கே கடந்து சுமப்பது 'டிரான்ஸ்போர்ட்'. நிகழ்ந்ததைத் திரும்பச் சுமந்து வந்து சொல்வது 'ரிப்போர்ட்'. கீழே நின்று தாங்குவது 'சப்போர்ட்'. வேலையின் சுமையிலிருந்து மனத்தை வேறிடத்துக்கு எடுத்துச் செல்வது 'டிஸ்போர்ட்'. அதன் தலையைக் கிள்ளியதனால் பிறந்தது 'ஸ்போர்ட்', விளையாட்டு. செல்பேசி எண்ணைப் போர்ட் செய்வதும் எண்ணைச் சுமந்துகொண்டு வேறு வீடு புகுவதே.

போர்ட்டர் என்னும் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் போர்ட்டர் இருவர். ஒருவர் வாயில் காப்பவர். அவர் 'போர்ட்டா'வின் மகன். மற்றவர் சுமை தூக்குபவர். அவர் 'போர்ட்டாரே'யின் மகன். இரண்டு சொற்களும் தேய்ந்து தேய்ந்து ஒரே உருவம் பெற்றுவிட்டன. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்த நிலையத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. தூண்கள் தாங்கிய முகப்பு போர்ட்டிகோ. அதன் கீழே மூட்டை சுமந்தவர் போர்ட்டர். மூட்டை போய்ச் சேர்ந்த இடம் போர்ட். ஒரே வேரின் மூன்று கிளைகளை அந்த ஒரே இடத்தில் காணலாம்.

ஏற்றுமதி, இறக்குமதி என்றதும் நம் பழைய இலக்கியம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் படம்பிடித்துக் காட்டுகிறது. நீரிலிருந்து நிலத்துக்கு ஏறும் பொருளும், நிலத்திலிருந்து நீருக்கு இறங்கும் பொருளும் அங்கே அளவின்றிக் குவிந்து கிடந்தன என்றும், சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது சோழனுடைய புலிமுத்திரையைப் பொறித்தனர் என்றும் அப்பாட்டின் புலவர் உரைக்கிறார். துறைமுகம், சுங்கம், முத்திரை ஆகியவை நமக்குப் புதியன அல்ல.

ஆனால், துறைமுகங்கள் சுமந்து சென்றவை எல்லாம் மிளகும் துணியும் மட்டும் அல்ல. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் அது தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தபோது அதிலிருந்து இறங்கியவர்கள் 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள் அவர்கள். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் இக்கரையிலிருந்து பிஜிக்கும் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். 'பாஸ்போர்ட்' என்பது துறையைக் கடக்க உரிமை தரும் தாள். தமிழில் அதற்குக் கடவுச்சீட்டு என்று பெயர். கடவு என்றால் கடக்கும் வழி. சீட்டு வைத்திருப்பவன் தானே கடக்கிறான். சீட்டு இல்லாதவனைப் பிறர் கடத்துகிறார்கள். கடத்தல், கடந்து செல்லுதல் ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை கண்ணீர் ஓடியிருக்கிறது!

இனி, மாணவரின் மாமா சொன்ன இடப்பக்கம். பழங்காலத்து வடஐரோப்பியக் கப்பல்களில் இன்றுபோல் பின்புறத்தில் சுக்கான் இல்லை. கப்பலைத் திருப்பும் பெருந்துடுப்பு வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. திருப்பும் பக்கம் என்னும் பொருளில் வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு' ஆயிற்று. அதில் விண்மீனும் இல்லை; பலகையும் இல்லை. 'ஸ்டார்' என்று ஒலிப்பது திருப்புதலைக் குறிக்கும் பழஞ்சொல். 'போர்டு' என்பது கப்பலின் பக்கம். துடுப்பு இருக்கும் பக்கத்தைக் கரையோடு அணைத்தால் துடுப்பு நொறுங்கிப் போகும். ஆகவே இடப்பக்கத்தையே கரையோடு அணைத்துச் சரக்கு ஏற்றினார்கள். அப்பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று பெயர்.

இடர் எங்கே வந்தது தெரியுமா? ஒலியில் வந்தது. புயற்காற்றின் இரைச்சலில், பாய்கள் படபடக்க, மேல்தளத்திலிருந்து கூவும் கட்டளை சுக்கான் பிடிப்பவன் செவிக்கு எட்ட வேண்டும். ஸ்டார்போர்டு என்றாரா, லார்போர்டு என்றாரா? வலமா, இடமா? தவறாகக் கேட்டால் கப்பல் பாறையில் மோதும். எனவே, துறைமுகத்தை நோக்கி நிற்கும் பக்கம் ஆதலின் இடப்பக்கத்தைப் 'போர்ட்' என்று அழைக்கும் வழக்கம் கடலோடிகளிடையே வளர்ந்தது. 1844ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, லார்போர்டு என்னும் சொல்லை விலக்கிப் போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. ஒரு சொல்லை மாற்றினால் உயிர்கள் காக்கப்படும் என்று ஓர் அரசு உணர்ந்த நிகழ்ச்சி இது. சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்றும் கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் எரியும். இரு கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஒன்றின் இடப்பக்கம் மற்றதன் இடப்பக்கத்தைக் கடந்து செல்லும். உலகம் முழுவதற்கும் பொதுவான கடல்விதி இது. கடலில் நேரும் மோதல் எத்தகையது என்பதை வடசென்னை மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலையில், எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அவற்றுள் ஒன்றிலிருந்து கசிந்த எண்ணெய் கரிய குழம்பாகக் கரையில் வந்து படிந்தது. மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் பணியாளர்களும் வாளி வாளியாக அதனை அள்ளினார்கள். மீன் வாங்குவோர் அஞ்சினர்; வலை வீசுவோர் வயிறு காய்ந்தனர்.

மதுவின் பெயரைப் பற்றியும் மாணவர் கேட்டார் அல்லவா? போர்ச்சுகல் நாட்டில் டூரோ ஆற்றின் முகத்தில் போர்ட்டோ என்று ஒரு நகரம் உண்டு. போர்ட்டோ என்றாலே துறைமுகம். அவ்வழியாக ஏற்றுமதியான திராட்சை மதுவுக்கு அத்துறைமுகத்தின் பெயரே நிலைத்தது. போர்ச்சுகல் என்னும் நாட்டின் பெயரும் 'போர்ட்டுஸ் காலே' என்னும் பழந்துறையின் பெயரிலிருந்து வந்ததுதான். ஒரு துறையின் பெயர் ஒரு நாட்டுக்கே பெயராயிற்று. அந்நாட்டார் பதினாறாம் நூற்றாண்டில் நம் சாந்தோமில் வந்து குடியேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. சன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், ஏலம் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது சொற்களும் உடன் இறங்குகின்றன. அவற்றுக்குச் சுங்கம் இல்லை. மாறாக, நம் கரையிலிருந்து ஏறிச் சென்ற சொற்களும் உண்டு. இராயபுரத்துக் கரையிலும் திருவொற்றியூர்க் கரையிலும் அலையை வென்ற கட்டுமரம், 'கட்டமரான்' என்னும் பெயரோடு உலக மொழிகளில் உலவுகிறது. அங்கே அது இரட்டை உடல்கொண்ட படகைக் குறிக்கிறது. கட்டிய மரத்துக்கும் அந்தப் படகுக்கும் வடிவில் ஒற்றுமை இல்லை. சொல் கடல் கடந்தது. பொருள் வழியில் மாறிற்று.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒலி ஒன்றாயிருப்பதனாலேயே உறவு என்று முடிவு கட்டக்கூடாது. உருவப்படத்தைக் குறிக்கும் 'போர்ட்ரெயிட்' என்னும் சொல் இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அது வரைதல், வெளியே இழுத்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது. சென்னையில் வீட்டைத் தடுத்துக் குடக்கூலிக்கு விடும் 'போர்ஷன்' என்பதும் பங்கு என்னும் பொருளுடைய வேறு சொல்லே. மனிதரிடையே போலச் சொற்களிடையிலும் முகச்சாயலை மட்டும் நம்பி உறவு கொண்டாடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாணவரின் கேள்விக்கு விடை முடிந்தது என்று நான் எண்ணினேன். அவரோ, "ஐயா, என் தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று என்னை அழைத்துச் சென்றார். கடற்கரையில் கருங்கற்கள் கொட்டிய தடுப்பின்மீது முதியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "தாத்தா, ஐயா போர்ட் என்ற சொல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்" என்றார் பேரன். முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திக் கடலைச் சுட்டினார். "அங்கே தெரியுதே, அலை உடையுதே, அந்த இடத்திலேதான் சாமி எங்க தெரு இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மீண்டும் வலையில் கண் வைத்தார்.

அந்தச் சொற்களின் பொருளை அறிய வேண்டுமானால் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை அறிய வேண்டும். 1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கரையில் இடம் பெற்றபோது இங்கே இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை; நீண்ட மணற்பரப்பும் ஓயாத அலையுமே இருந்தன. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கிழித்துச் சென்று மனிதரையும் சரக்கையும் கரை சேர்க்கும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சென்னையின் துறைமுகம் என்பது இந்தப் படகோட்டிகளின் தோள்வலிமையே.

1875ஆம் ஆண்டு டிசம்பரில் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கரங்கள்போல் பெருஞ்சுவர்கள் நீண்டன. பணி முடியும் தறுவாயில், 1881ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். பின்பு 1904 முதல் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர், கிழக்கு நோக்கிய வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் இக்கரையின்மீது குண்டு வீசியதையும் அத்துறைமுகம் கண்டது. 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. தலையாலும் தோளாலும் சுமந்த காலம் மெல்ல மெல்ல மறைந்தது. 2001இல் எண்ணூரிலும் ஒரு பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது.

ஆனால், கடலுக்கு ஒரு கணக்கு உண்டு. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்புறத்திலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அவை கரைமணலை வடக்கு நோக்கி இழுத்துச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது சில திங்கள் இப்போக்கு மாறினாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கேதான் செல்லும். அலை தின்னும் மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புதுமணல் வந்துகொண்டே இருக்கும். கடலுக்கும் கரைக்கும் இடையே நடைபெற்ற பழைய கொடுக்கல் வாங்கல் அது. துறைமுகச் சுவர் அந்த மணலின் வழியை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. கோட்டைமதிலின் அருகே அலை வந்து மோதிய காலம் போய், மெரினாவின் அகன்ற மணல்வெளி பிறந்தது. அந்த மணலில் அமர்ந்து நாம் காற்று வாங்குகிறோம். வடக்கிலோ வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அலைகள் கரையை அரித்தன. வீடுகளையும் தெருக்களையும் விழுங்கின. கருங்கல் தடுப்புகள் கொட்டினார்கள். கடலுக்குள் தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். அவை ஓரிடத்தில் கரையைக் காத்தன. ஆயினும், கட்டுமரத்தை இழுத்து ஏற்றவும் வலையை உலர்த்தவும் மீனைக் காயவைக்கவும் இருந்த மணல்துறை பலவிடங்களில் இல்லாமற் போயிற்று.

நேயர்களே, முதியவரின் கை சுட்டிய பொருள் இதுதான். அயல்நாட்டுக் கப்பலுக்கு ஒரு போர்ட் கிடைத்தது. அவருக்கு ஒரு துறை போயிற்று. அகராதியில் போர்ட் என்றால் துறை, துறை என்றால் போர்ட். வாழ்க்கையில் அவ்விரண்டும் ஒன்றல்ல. துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் உண்ணும் பருப்பும், நம் வண்டியின் எண்ணெயும், நம் தொழிற்சாலைகளின் சரக்கும் அதன் வழியாகவே வருகின்றன. வடசென்னையில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அந்த மாணவரின் மாமாவும் அதனால் வாழ்ந்தவரே. ஆனால், சுமப்பது என்பது அச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது என்று கண்டோம். ஒரு நகரத்தின் வாணிகத்துக்காக யார் எதனைச் சுமந்தார்கள் என்பதை அந்நகரத்தார் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடலில் புதிதாக ஒரு சுவர் எழுப்பும்போது, அதன் வடபுறத்தில் இருப்பவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். நாளை அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய பொறியாளர்களும் ஆட்சியாளர்களும் இன்று மாணவர்களாகிய உங்களிடையே இருக்கிறீர்கள்.

இறுதியாகத் துறை என்னும் நம் சொல்லின் சிறப்பு ஒன்றைக் கூறி முடிக்கிறேன். நீரில் இறங்கும் இடத்தைக் குறித்த அச்சொல் விரிந்து விரிந்து, அகத்துறை, புறத்துறை என்று இலக்கியத்தின் பிரிவுகளைக் குறித்தது. கலித்துறை என்று பாவினத்தின் பெயராயிற்று. கல்வித்துறை, மருத்துவத்துறை என்று அறிவின் கிளைகளுக்கும் அரசின் பிரிவுகளுக்கும் பெயராயிற்று. ஒரு கலையை முற்றக் கற்றவரைத் துறைபோகியவர் என்று நம் முன்னோர் போற்றினர். ஆற்றின் ஆழமும் சுழலும் அறிந்து, துறையில் இறங்கி, அக்கரை சேர்ந்தவர் என்பது அதன் கருத்து. கரையில் நின்று நீரைப் பார்ப்பவர் துறைபோகியவர் ஆகார்.

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் என்று போற்றப்படும் கோயில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்த செல்வக் குடியில் தோன்றி, அனைத்தையும் துறந்து இக்கரை வந்து சேர்ந்தவர் அவர் என்பது வழிவழி வந்த வரலாறு. பட்டினம் என்பதும் கடற்கரை நகருக்குரிய பெயரே. ஆகவே, துறைமுகத்தின் பெயரையே தம் பெயராகத் தாங்கியவர் அவர். ஏற்றுமதியும் இறக்குமதியும் அறிந்த அந்த வணிகர், முடிவில் உடன்வராத சரக்கு எது என்பதையும் அறிந்தார்.

நான் விடைபெற்றபோது அந்த முதியவர் வலையின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். பேரன் அவர் அருகே அமர்ந்து, கடலில் முதன்முதலாக எரியத் தொடங்கிய கப்பல் விளக்கைக் காட்டி, "தாத்தா, சிவப்பு தெரிகிறது, அது போர்ட் பக்கம்" என்றார். முதியவர் தலை நிமிராமலே, "அது ஆர்பருக்குப் போகிற கப்பல், நாளைக்குக் காற்று மாறும், காலையிலேயே எழுந்திரு" என்றார். இருவருக்கும் கடல் தெரிந்திருந்தது. இருவர் அறிவும் ஒன்றுசேர வேண்டும் என்று எண்ணிக்கொண்டே நான் நடந்தேன்.